பெரிய மண்டபத்தில் முதல் வருடம்: வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ, கம்பஸில் முதல் லெக்சர் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "என்ன மனே, எப்படிப் போச்சு?" என்று அம்மா கேட்பார். "சரியான சனம்மா" என்பதுதான் அநேகமாக முதலில் வரும் பதில். கலை, முகாமைத்துவம் போன்ற பீடங்களில் முதல் வருடத்துப் பொதுப் பாடம் ஒன்றென்றால் மண்டபம் நிரம்பியிருக்கும். முன்னால் மைக்கோடு ஒருவர் நிற்பார், சுவரில் ஸ்லைட் ஓடும். பின்வரிசையில் இருப்பவருக்கு மின்விசிறிச் சத்தம்தான் கூடக் கேட்கும். இரண்டு மணித்தியாலம் கழிந்ததும் அவர் அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. விளங்கியதா இல்லையா என்று உங்களைத் தேடி வந்து கேட்க அங்கே ஆள் இல்லை.

நானும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். படித்து முடித்த பிறகு இரண்டு வருடம் டெமோவாக, அதாவது வகுப்புகளில் உதவும் இளம் பட்டதாரியாக, வேலை செய்து முதல் வருடத்தாரோடு பழகியிருக்கிறேன். மூளை போதாமல் விழுந்த பிள்ளைகளை நான் கண்டது குறைவு. பெரிய வகுப்பில் எப்படிப் படிப்பதென்று ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் விழுந்தவர்களைத்தான் நிறையக் கண்டேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டம் என்பது பலருக்குப் புதிதல்ல. மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் ஏ.எல் ரியூசனுக்குப் போனவர்கள், மைக் பிடித்துப் படிப்பிக்கும் சேரை ஏற்கெனவே கண்டவர்கள். ஆனால் ரியூசன் சேர் டியூட் அச்சடித்துத் தருவார், பழைய வினாத்தாளைச் செய்து காட்டுவார், எந்தக் கேள்வி வரும் என்றும் சொல்லுவார். ஆயிரம் பேர் இருந்தாலும் சோற்றைக் குழைத்து வாயில் வைக்கும் வகுப்பு அது. இன்னொரு பக்கம், வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களிலிருந்தும் வடக்கே வாகரையிலிருந்தும் வரும் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த வகுப்பில் ஆசிரியருக்கு அவர்களின் வீட்டு நிலைமை வரை தெரிந்திருக்கும். முன்னவருக்குக் குழைத்துத் தர ஆளில்லாதது இடறும், பின்னவருக்குத் தன்னைத் தெரிந்த ஆளே இல்லாதது இடறும். பெரிய வகுப்பை உங்கள் அளவுக்குச் சிறிதாக்கும் வேலை உங்களுடையது. அதை எந்தக் கிழமையில் எப்படித் தொடங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடிதம் வந்த கையோடு

முதலில் உங்கள் பீடம் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். "ஈஸ்டர்ன் கம்பஸ்" என்றால் எல்லாமே வந்தாறுமூலை என்று நினைத்து, செங்கலடியில் போர்டிங்குக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுத் திண்டாடிய பிள்ளைகள் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே, ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டி வந்தாறுமூலையில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டு விஞ்ஞானம், விவசாயம் என்ற இரண்டு பீடங்களோடு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. ஆனால் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை படிக்கப் போகிறவர்கள் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குத்தான் போகவேண்டும். மருத்துவம், தாதியியல் பிள்ளைகளின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்புப் பக்கம். சித்த மருத்துவம் என்றால் திருகோணமலை வளாகம்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடமே பல்கலைக்கழகமானது. பிரதான வளாகம் ஒலுவிலில், நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில். பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் உள்ளே, சம்மாந்துறைப் பக்கம் வயல்வெளிக்கு நடுவில். அதில் இடம் கிடைத்தவர் ஒலுவில் கடற்கரையோரம் அறை தேடினால் தினமும் பஸ்ஸிலேயே காலம் போகும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், படிப்புக்குத் தேவையான நேரத்தை முதலில் தின்பது பயணம்தான். கல்முனையிலிருந்து தினமும் வந்தாறுமூலைக்குப் போய்வரும் பிள்ளைக்கு நாளில் மூன்று நான்கு மணித்தியாலம் போய்விடும். முதல் செமஸ்டருக்காவது ஹொஸ்டலிலோ பக்கத்து வீடொன்றிலோ தங்கப் பாருங்கள். முடியாதென்றால் பஸ்ஸில் செய்யக்கூடிய வேலை ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்க அது நல்ல இடம்.

இரண்டாவது, மாணவர் கைநூலை எடுத்து வாசியுங்கள். சின்ன எழுத்தில் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பரீட்சைக்கு உட்காரக் குறைந்தது எத்தனை வீதம் வரவு வேண்டும், எந்தப் பாடம் கட்டாயம், தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை புள்ளி, சிறப்புப் பட்டத்துக்கு எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்ற நான்கும் அதற்குள்தான் இருக்கும். பீடத்துக்குப் பீடம் இவை மாறும். "அண்ணா ஒருவர் சொன்னார்" என்பதை நம்பி மூன்றாம் வருடத்தில் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் ஏ.எல் புள்ளியான இசட் ஸ்கோர் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பாடநெறிகளின் அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. அதனால் சில பிள்ளைகள் "நான் கோட்டாவில் வந்தவன், மற்றவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்" என்று மனதுக்குள் ஒதுங்கி, பின்வரிசையில் போய் இருந்துகொள்கிறார்கள். அந்த எண்ணத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே விட்டுவிடுங்கள். விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து அந்தப் புள்ளியை எடுத்தீர்களென்றால், வசதி கிடைத்தால் இன்னும் எடுப்பீர்கள். உள்ளே வந்த பிறகு எல்லோருக்கும் வினாத்தாள் ஒன்றுதான், சுட்டெண்ணை மட்டும் பார்த்துத் திருத்துபவருக்கு நீங்கள் எந்த ஊர் என்று தெரியாது.

ஒரு கிரெடிட்டின் கணக்கு

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் வாசிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் வாசியுங்கள்.

பாடத்தின் பாரத்தை அளக்கும் அலகுதான் கிரெடிட். பட்டங்களுக்கு அளவு வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று வைத்திருக்கிறது. அதில் லெக்சராக நடப்பது வழமையாக 15 மணித்தியாலம். மீதி 35? அது நீங்கள் நூலகத்திலும் அறையிலும் மரத்தடியிலும் இருந்து படிக்க வேண்டியது. மூன்று கிரெடிட் பாடம் ஒன்று என்றால் 45 மணித்தியாலம் மண்டபத்தில், 105 மணித்தியாலம் உங்கள் கையில். ஒரு செமஸ்டரில் அப்படி ஐந்து பாடம் வந்தால் 15 கிரெடிட். 15 கிழமையில் நடக்கும் செமஸ்டரில் கிழமைக்கு 15 மணித்தியாலம் லெக்சர், 35 மணித்தியாலம் சொந்தப் படிப்பு. பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறை இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பரப்பிவிடும், ஆனாலும் முக்கால்வாசி செமஸ்டருக்குள்தான் விழும். மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 என்பதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

ஏ.எல் முடித்து வருகிறவர்கள் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு "கிழமைக்கு இவ்வளவுதானா, மீதி நேரம் எல்லாம் சும்மாவா?" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த வெற்று நேரம்தான் கம்பஸ் படிப்பு. லெக்சர் என்பது எதைப் படிக்க வேண்டும், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மரம் மாதிரி. நடந்து போவது நாங்கள்.

நடைமுறைக்கு வந்தால் 35 மணித்தியாலத்தை ஒரே நாளில் யாராலும் தொடங்க முடியாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். லெக்சர் நடந்த அன்றே, நித்திரைக்குப் போவதற்கு முன், ஒரு பாடத்துக்கு ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தில் ஸ்லைட்டைத் திரும்பப் பார்க்க வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில், இன்று என்ன சொன்னார் என்று நினைவிலிருந்து எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அடுத்த நாள் நூலகத்தில் அந்தக் கேள்விக்குறிகளுக்கு மட்டும் பதில் தேடுங்கள். ஐந்து கிழமை இப்படிச் செய்த பிள்ளைக்கு மிட் எக்ஸாமுக்கு முதல் நாள் இரவு தேநீர் ஊற்றி விழித்திருக்கும் வேலை வராது.

மண்டபத்துக்குள்

முன்னால் இருந்து மூன்றாவது வரிசைக்குள் இருங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து மண்டபங்களில் பின்னால் இருந்தால் காது கேட்காது, வெளிச்சத்தில் ஸ்லைட் தெரியாது. கார்த்திகை, மார்கழி மழை கூரையில் கொட்டும்போது மைக்கும் பயனில்லை. முன்வரிசையை சீனியர்கள் கேலி செய்வார்கள் என்று பயந்து பின்னால் போகும் பிள்ளைகளே அதிகம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து முன்னால் போய் இருந்தால் கேலி ஒரு கிழமையில் ஓய்ந்துவிடும்.

சொல்வதையெல்லாம் எழுத முயல வேண்டாம். ஸ்லைட் எப்படியும் கம்பஸின் இணையப் பாடத்தளமான மூடிலில் ஏறும். ஏறாவிட்டால் உங்களோடு சேர்ந்த பெட்சின் வட்ஸ்அப் குழுவில் வரும். ஸ்லைட்டில் இல்லாமல் அவர் வாயால் சொல்லும் உதாரணம், கரும்பலகையில் போட்டு அழிக்கும் படம், "இது முக்கியம்" என்று இரண்டு தரம் சொல்லும் இடம், இவற்றைத்தான் எழுத வேண்டும். போனில் படம் எடுத்து வைத்தால் படித்த மாதிரி ஒரு நிம்மதி வரும். அந்தப் படங்களை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

வலது பக்கத்தில் ஒருவர், இடது பக்கத்தில் ஒருவர், முன்னால் ஒருவர் என்று மூன்று பேரின் பெயரையும் ஊரையும் முதல் கிழமையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய வகுப்பில் நீங்கள் வராத நாளை முதலில் கவனிக்கப் போவது அந்த மூன்று பேர்தான்.

ஆங்கிலம்

தமிழ் மொழிமூலம் ஏ.எல் எழுதிவிட்டு வரும் பிள்ளைக்குக் கூட்டத்தை விடப் பெரிய சுவர் இதுதான். விஞ்ஞானம், விவசாயம், பொறியியல், மருத்துவம், முகாமைத்துவம் என்று போனால் படிப்பு ஆங்கிலத்தில். கலைப் பாடங்களில் தமிழில் படிக்கலாம், ஆனாலும் நல்ல புத்தகங்கள் பல ஆங்கிலத்தில் இருக்கும். ஏ.எல்லில் "பரவல்", "ஒளித்தொகுப்பு", "கேள்வி நெகிழ்ச்சி" என்று தலைகீழாகப் பாடமாக இருந்ததெல்லாம், ஆங்கிலப் பெயரில் வரும்போது முன்பின் தெரியாத பாடம் மாதிரி இருக்கும். உண்மையில் அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முதல் செமஸ்டரில் வரும் விடயங்களில் கணிசமானவை ஏ.எல் பாடத்தின் நீட்சிதான்.

அதனால் ஏ.எல் புத்தகங்களையும் டியூட்டுகளையும் தம்பி தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள், கூடக் கொண்டு வாருங்கள். லெக்சருக்கு முதல் நாள் அதே தலைப்பைத் தமிழில் ஒரு தரம் வாசியுங்கள். பிறகு ஆங்கில ஸ்லைட்டைப் பாருங்கள். ஒரு கொப்பியை இரண்டாக மடித்து ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல். ஒரு பாடத்துக்கு நாளுக்குப் பத்துச் சொல் போதும். இரண்டு மாதத்தில் அந்தப் பாடத்தின் சொற்கள் முழுக்க உங்கள் கைக்குள் வந்துவிடும். பொது ஆங்கிலம் மெதுவாக வரட்டும், பாட ஆங்கிலம் முந்தி வரவேண்டும்.

ஆங்கில மொழிக் கற்பித்தல் அலகு நடத்தும் வகுப்புகளை "அது நொன் ஜிபிஏ தானே", அதாவது பட்டத்தின் சராசரிப் புள்ளியில் சேராதுதானே, என்று கட்டடிக்க வேண்டாம். முதல் வருடத்தில் இருபது முப்பது பேராகப் பிரித்து உட்கார வைத்து, உங்கள் வாயைத் திறக்க வைக்கும் வகுப்பு அநேகமாக அது ஒன்றுதான்.

இன்னொன்று. இரண்டு பல்கலைக்கழகங்களிலும் சிங்களப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரிய மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், முஸ்லிம் பிள்ளைகள் ஒரு பக்கம், சிங்களப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று இருப்பது வழமை. குருநாகலிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்த பிள்ளைக்கும் உங்களைப் போலத்தான், ஆங்கிலம் புதிது, ஊர் புதிது. அவர்களில் ஒருவரோடு சேர்ந்து படித்தால் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் மட்டும்தான். உடைந்த ஆங்கிலத்தில் ஒரு பாடத்தை ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்துவதை விட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. எனக்கு ஆங்கிலம் வந்ததும், இன்றுவரை பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போன் எடுக்கும் இரண்டு கூட்டாளிகள் கிடைத்ததும் அப்படித்தான்.

சேரிடம் எப்படிக் கேட்பது

எங்கள் பிள்ளைகளுக்கு இது வராது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று பழக்கிவிட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் கை உயர்த்த எனக்கும் முதல் வருடம் முழுக்க முடியவில்லை. உயர்த்தாமலே கேட்க வழிகள் உண்டு.

லெக்சர் முடிந்து அவர் மடிக்கணினியைக் கழற்றும் இரண்டு மூன்று நிமிடத்தில் முன்னால் போய் நில்லுங்கள். "சேர், ஒரு சந்தேகம்" என்று தொடங்கி, எழுதி வைத்த கேள்வியைக் கேளுங்கள். "ஒன்றும் விளங்கேல்ல சேர்" என்று சொன்னால் அவரால் உதவ முடியாது. "மூன்றாவது ஸ்லைட்டில் இந்தச் சமன்பாட்டில் இந்த உறுப்பு எப்படி மறைந்தது?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படி மூன்று தரம் போன பிள்ளையின் முகம் அவருக்கு நினைவிருக்கும். பெயரும் ஒரு நாள் கேட்பார்.

ஈமெயில் எழுதுவதென்றால் சுருக்கமாக எழுதுங்கள். தமிழில் படிக்கும் பிள்ளை இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய சேர், நான் கலை கலாசார பீடத்தின் முதலாம் வருட மாணவி. என் பதிவிலக்கம் இது. செவ்வாய்க்கிழமை விரிவுரையில் சொன்ன நிலவுடைமை முறை பற்றி வாசித்தேன். நீங்கள் சொன்ன இரண்டாவது காரணமும் புத்தகத்தில் உள்ளதும் முரண்படுவதாக எனக்குத் தெரிகிறது. உங்களுக்கு வசதியான நேரத்தில் ஐந்து நிமிடம் வந்து கேட்கலாமா? நன்றி."

பதிவிலக்கத்தை மறக்க வேண்டாம், கூட்டத்துக்குள் உங்களை அடையாளம் காட்டுவது அதுதான். நடு இரவில் வட்ஸ்அப்பில் "ஹாய் சேர்" என்று அனுப்புவதைத் தவிருங்கள். பதில் வராவிட்டால் ஒரு கிழமை பொறுத்து மரியாதையாக இன்னொரு தரம் நினைவூட்டலாம், அதில் பிழையில்லை.

பேராசிரியரிடம் போகக் கூச்சமாக இருந்தால் டெமோவிடமோ உதவி விரிவுரையாளரிடமோ போங்கள். ஓரிரு வருடத்துக்கு முன்தான் அவர்கள் அதே வாங்கில் இருந்தவர்கள். எந்த இடத்தில் விளங்காது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் டெமோவாக இருந்தபோது யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த நாட்கள் பல.

ஆய்வுகூடமும் டியூட்டோரியலும்

மண்டபத்தில் நிறைந்திருந்த அதே பெட்ச் இங்கே குழுக்களாகப் பிரியும். உபகரணம் ஒன்றுக்கு நான்கைந்து பேர் என்று வரும்போது வழமையாக நடப்பது, கை துணிந்த ஒருவர் செய்வார், அழகாக எழுதும் ஒருவர் குறித்துக்கொள்வார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் ஒரே பெறுமானங்களை எல்லோரும் அறிக்கையில் போடுவார்கள். பெண் பிள்ளைகள் பலர் எழுதும் வேலைக்கே ஒதுக்கப்படுவதை நான் திரும்பத் திரும்பக் கண்டேன். வாரம் மாற்றி முறை வையுங்கள், இந்தக் கிழமை நான் அளவியைப் பிடிக்கிறேன், அடுத்த கிழமை நீ பிடி என்று. செய்முறையைச் சோதிக்கும் ஸ்பொட் டெஸ்ட் அன்று தனித்தனியாகத்தான் நிற்க வேண்டும்.

டியூட்டோரியல் வகுப்புக்குக் கணக்கைச் செய்துபார்க்காமல் வெறுங்கையோடு போக வேண்டாம். பிழையாகச் செய்ததைக் கொண்டுபோனாலும் எங்கே பிழைத்தது என்று காட்டுவார்கள். வெற்றுத் தாளில் யாரும் எதையும் திருத்த முடியாது.

குப்பி

இந்தச் சொல்லைக் கேள்விப்படாமல் ஒருவரும் கம்பஸை விட்டு வெளியே வருவதில்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் போத்தலுக்குள் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுக் கொளுத்தும் விளக்கு குப்பி விளக்கு. தெரிந்த ஒருவர் தெரியாதவர்களைச் சுற்றி இருத்திப் படிப்பிப்பதற்கும் அதே பெயர் நாடு முழுக்க எல்லாக் கம்பஸிலும் நிலைத்துவிட்டது. அக்கா ஒருவரோ அண்ணா ஒருவரோ, அல்லது பெட்சில் விளங்கிய ஒருவரோ, பின்னேரம் காலியான மண்டபத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பார். காசு கிடையாது. தமிழில் சொல்லித் தருவார். "இது விளங்கேல்ல" என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். பெரிய வகுப்பின் குறையை இந்த நாட்டுப் பிள்ளைகள் தாங்களே சேர்ந்து ஈடுகட்டும் வழி இது. எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு.

ஆனால் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பரீட்சைக்கு மூன்று நாளைக்கு முன் நடக்கும் குப்பியை மட்டும் நம்பினால், பழைய வினாத்தாளில் வந்த ஆறு கேள்விக்கு விடை கிடைக்கும், பாடம் கிடைக்காது. விரிவுரையாளர் மாறினால் அந்த ஆறும் மாறும். செமஸ்டர் நடுவிலேயே நான்கைந்து பேராகச் சேர்ந்து கிழமைக்கு ஒரு குப்பி வையுங்கள். ஒவ்வொரு கிழமையும் ஒருவர் படிப்பிக்க வேண்டும். படிப்பிக்கப் போகும் கிழமையில் நீங்கள் படிக்கும் படிப்பு வேறு விதமாக இருக்கும், ஏனென்றால் கூட்டாளி கேட்கப் போகும் கேள்வியை நினைத்துக்கொண்டே படிப்பீர்கள். போன வருடக் குப்பி நோட்ஸ் கையில் கிடைத்தால் ஒரு தரம் புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். ஒருவர் விட்ட பிழை ஐந்து பெட்சுக்குக் கைமாறி வருவதைக் கண்டிருக்கிறேன்.

வரவு, மெடிக்கல், வெள்ளம்

பெரும்பாலான பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். 45 மணித்தியாலப் பாடத்தில் 9 மணித்தியாலம்தான் தவறலாம், இரண்டு மணித்தியால லெக்சர் என்றால் நான்கு தரம். பெரிய வகுப்பில் யாருக்குத் தெரியும் என்று கூட்டாளிக்காகக் கையெழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தலையை எண்ணிப் பார்க்கும் நாள் ஒன்று வரும், அன்று இரண்டு பேரும் ஒழுக்காற்று விசாரணைக்குப் போவார்கள்.

காய்ச்சல் வந்தால் மருந்தெடுத்த அன்றே மெடிக்கல், அதாவது மருத்துவச் சான்றிதழ், பற்றி யோசியுங்கள். எந்த வைத்தியரின் சான்றிதழை ஏற்பார்கள், எத்தனை நாளுக்குள் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது கைநூலில் இருக்கும். கொடுத்ததற்கு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். மெடிக்கல் இல்லாமல் பரீட்சையைத் தவறவிட்டால் அது ரிப்பீட்டாகப் போகும். ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் வழமையாக சி தரத்துக்கு மேல் கிடைக்காது. ஒரு காய்ச்சலால் பட்டத்தில் கிடைக்கவிருந்த வகுப்பை (கிளாஸை) இழந்த பிள்ளைகள் உண்டு.

மாரி காலத்தில் வாகரைப் பாதையும் படுவான்கரைப் பாதைகளும் வெள்ளத்தில் அறுபடும். அப்படி மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும் வரை பேசாமல் இருக்காதீர்கள். பாதை மூடிய அன்றே துறைக்கு ஒரு ஈமெயில் போடுங்கள், கிராம சேவகரிடம் ஒரு கடிதமும் எடுத்து வையுங்கள். கேட்டால் உதவுகிறார்கள், கேட்காதவரைப் பெரிய வகுப்பில் யாருக்கும் தெரியாது.

பகிடிவதை

சுருக்கமாகச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை குற்றம், சிறைக்குப் போகும் குற்றம். "நூலகத்துக்குப் போகாதே", "முன்வரிசையில் இருக்காதே", "சேரோடு கதைக்காதே" என்று கட்டளையிடுவதும் அதில் ஒரு பகுதிதான். அவற்றுக்குக் கீழ்ப்படிந்தால் மேலே சொன்ன எதையும் உங்களால் செய்ய முடியாது. மாணவ ஆலோசகரிடம் சொல்லுங்கள், அவரால் ஆகவில்லையென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக முறையிடலாம். வீட்டுக்கும் சொல்லுங்கள். அம்மாவோ உம்மாவோ கவலைப்படுவார் என்று மறைத்து, ஒரு வருடத்தையே இழந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

சிறிய வகுப்புக்குப் போகும் வழி

முதல் வருடத்தில் கடல் மாதிரி இருக்கும் பெட்ச் வருடா வருடம் பிரிந்துகொண்டே போகும். கலைப் பீடத்தில் முதல் வருடம் பல பாடம் எடுத்தவர் பிறகு ஒரு துறைக்குள் போவார். விஞ்ஞானத்திலும் அப்படித்தான். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்கள் சில துறைகளில் ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவுக்குத்தான் இருப்பார்கள். அங்கே சேருக்கு உங்கள் பெயர் தெரியும், நீங்கள் வாசிக்காமல் வந்ததும் தெரியும்.

அந்த மேசைக்கு யார் போவது என்பதைத் தொடக்க வருடங்களின் புள்ளிதான் தீர்மானிக்கிறது. ஏ என்றால் 4.00, பி என்றால் 3.00, சி என்றால் 2.00 என்று ஒவ்வொரு பாடமும் கிரெடிட்டோடு பெருகி ஜிபிஏயில் சேரும். முதல் வகுப்புக்கு வழமையாக 3.70 வேண்டும். "ஃபர்ஸ்ட் இயர் ஜொலியா இரு, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் சீனியர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் முதல் செமஸ்டரில் மூன்று சி எடுத்துவிட்டு மேலே ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள், உடனே விளங்கும்.

துறையைத் தெரிவு செய்யும்போது கூட்டாளிகள் போகிறார்கள் என்று போகாதீர்கள். அந்தத் துறையில் இறுதி வருடம் படிக்கும் இரண்டு பேரைக் கண்டு, எத்தனை பேர் இருக்கிறீர்கள், ஆய்வுக்கு யார் மேற்பார்வை செய்கிறார், எத்தனை நாளுக்கு ஒரு தரம் சந்திப்பார், எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கேளுங்கள். நிரந்தர விரிவுரையாளர்கள் எத்தனை பேர், மேற்படிப்பு விடுமுறையில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். வகுப்புச் சிறிதாக இருந்தும் படிப்பிக்க ஆளில்லையென்றால் பயனில்லை.

மேற்பார்வையாளரைத் தேடும் நாள் வரும்போது, அவரிடம் போகுமுன் இரண்டு பக்கத்தில் எதை ஆராய விரும்புகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் பக்கத்தில் ஆராய விடயத்துக்குப் பஞ்சமில்லை. வாவியின் இறால், ஒலுவில் கரையரிப்பு, படுவான்கரையின் கூத்து, சம்மாந்துறை வயலின் நெல்லினம் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதல் வருடத்தில் லெக்சர் முடிந்து முன்னால் போய் நின்று "சேர், ஒரு சந்தேகம்" என்று கேட்ட பிள்ளைக்கு, அன்றைக்கு அந்தக் கதவைத் தட்டக் கை நடுங்காது.